அஸ்வெசும: லயத்து வாசலிலிருந்து ஒரு மதிப்பீடு

வறிய குடும்பங்களுக்கு இலங்கை அரசு தரும் மாதக் கொடுப்பனவுதான் அஸ்வெசும. பணம் கைக்கு வரும் விதத்தில் அது பழைய சமுர்த்தித் திட்டத்தை விட நல்லது. 2023 ஜூலையிலிருந்து சமுர்த்தி உதவிப்பணத்தின் இடத்தில் இது நடக்கிறது. சமுர்த்தியில் கட்டாயச் சேமிப்பு என்று ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டார்கள். இதில் முழுத்தொகையும் நேரே வங்கிக் கணக்கில் விழுகிறது. வறிய குடும்பத்துக்கு மாதம் 8,500 ரூபாயாக இருந்தது 2025 ஜனவரியில் 10,000 ஆனது. மிக வறிய குடும்பத்துக்கு 15,000 ரூபாய் 17,500 ஆனது. குறைந்த வருமானமுள்ள 70 வயது கடந்தோருக்கும், மாற்றுத்திறனாளிகளுக்கும், சிறுநீரக நோயாளிகளுக்கும் தனிக் கொடுப்பனவு உண்டு. 2025 வரவு செலவுத் திட்டம் முதியோர் தொகையை 5,000 ஆகவும் மற்ற இரண்டையும் 10,000 ஆகவும் உயர்த்தியது. மலையகத்து ஹட்டனிலோ மஸ்கெலியாவிலோ மாதச் சாமான் வாங்கும் எந்தக் குடும்பத்துக்கும் இது பெரிய ஆறுதல்.

ஆனால் தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு இந்தச் சேவை சறுக்கும் இடம் கணக்கெடுப்பு. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 சுட்டிகளை வைத்துப் புள்ளி போட்டுத்தான் தெரிவு நடக்கிறது. கிராமத்து வீட்டை மனதில் வைத்துச் செய்த கேள்விகள், தோட்டத்தில் வரிசையாகக் கட்டிய ஒற்றையறை வீடுகளான லயத்துக்கு ஒட்டுவதில்லை. உண்மையான வறுமை இருந்தும் பெயர் விழாமல் போவதற்கு ஒரு காரணம், தப்பான கட்டத்தில் விழுந்த ஒரு பதில்தான்.

வீட்டிலிருந்தே தொடங்குவோம். “வீடு யாருடையது?” என்றால் தலைமுறையாக இருக்கும் காம்பிராவை (லயத்து அறையை) “எங்களுடையது” என்று சொல்வது நம்மவர் வழக்கம். உறுதிப்பத்திரம் இல்லாத லயம் உங்கள் சொத்து அல்ல, அது தோட்டத்துக்குரியது. அப்படியே சொல்லி, அப்படியே பதிந்திருக்கிறதா என்றும் கேளுங்கள். ஏழு பேர்ச் காணியில் தனிவீடு கிடைத்தவர்களும், கையில் உறுதி வரவில்லையென்றால் அதைக் குறிப்பிட வேண்டும். அடுத்தது மின்சாரம். ஒரு மீட்டரிலிருந்து நாலைந்து காம்பிராவுக்குக் கம்பி இழுத்திருந்தால், மீட்டர் யார் பெயரிலோ அவர் மட்டும் நிறைய மின்சாரம் பாவிப்பவராகத் தெரிவார். எத்தனை குடும்பம் பங்கிடுகிறது என்று தோட்டத்து ஆபீசிலோ கிராம சேவகரிடமோ ஒரு கடிதம் வாங்கி, பில்லோடு சேர்த்து வையுங்கள்.

ஒரே காம்பிராவில் கல்யாணமான மகன் தனியே உலை வைத்தால், தனிக் குடும்பமாகப் பதியக் கேட்க வேண்டும். சேர்த்துப் பதிந்தால் இரு வீட்டுச் சம்பளமும் ஒன்றாகிப் புள்ளி மாறிவிடும். கொழும்புக் கடையில் வேலை செய்யும் பிள்ளையின் முழுச் சம்பளத்தைச் சொல்லாமல், வீட்டுக்கு உண்மையில் எவ்வளவு அனுப்புகிறார் என்பதைச் சொல்லுங்கள்.

வருமானக் கேள்விக்கு நாட்கூலியை 30ஆல் பெருக்கிச் சொல்வதுதான் மிக மோசமான தவறு. 2025இல் இருந்த 1,350 ரூபாய்க் கூலியையே எடுத்துக்கொள்ளுங்கள்: மாதம் 18 பேர் (பதிவான வேலை நாளைத் தோட்டத்தில் ‘பேர்’ என்போம்) விழுந்தால் 24,300 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு 8 சதவீதம், அதாவது 1,944 போக 22,356. அதிலும் முற்பணம், சந்தா, தேயிலைத்தூள் எல்லாம் கழியும். கொழுந்து குறையும் மாசி, பங்குனியில் பேரும் குறையும், அரைப் பேரும் விழும். வாய்க்கணக்கை விடுங்கள், நல்ல மாதம், வறண்ட மாதம் இரண்டின் சம்பளச் சீட்டுகளையும் காட்டுங்கள்.

தெரிவான பிறகும் பணம் நிற்பதுண்டு. அடையாள அட்டையில் ஒரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் இன்னொரு எழுத்து. சிங்களத்தில் எழுதும்போது தகப்பன் பெயரும் தன் பெயரும் இடம் மாறுவது. கணக்குப் பழைய ஒன்பது இலக்க எண்ணிலும் விண்ணப்பம் புதிய பன்னிரண்டு இலக்க எண்ணிலும் இருப்பது. கணக்கு திறக்குமுன் இவற்றைச் சரிபார்த்தால் டவுனுக்கு இரண்டாம் முறை போகும் பஸ் காசும், போன பேரும் மிச்சம். ஏ.டி.எம். அட்டையையும் இரகசிய இலக்கத்தையும் கடைக் கடனுக்கு ஈடாக யாரிடமும் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் இந்தப் பணம் வீட்டுக்கு வராது.

பெயர் விழவில்லையென்றால் மேன்முறையீடு உண்டு. தகுதியற்றவர் பட்டியலில் இருந்தால் ஆட்சேபனையும் உண்டு. காலக்கெடு பட்டியலோடு அறிவிக்கப்படும், அதைத் தவறவிட வேண்டாம். “நாங்கள் கஷ்டப்பட்டவர்கள்” என்று பக்கம் பக்கமாக எழுதி எவரும் வென்றதில்லை. எந்தப் பதில் தவறு, சரியானது எது, அதற்கு எந்தத் தாள் சாட்சி என்ற மூன்றையும் அரைப் பக்கத்தில் எழுதுங்கள். பிரதி ஒன்றில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள்.

எந்தப் பதில் தவறு என்று தெரியாமல் மேன்முறையீடு எழுதுவது எப்படி? இந்தச் சேவையின் பெரிய குறையே அதுதான்: புள்ளி எப்படி விழுந்தது என்று குடும்பத்துக்குத் தானாகச் சொல்வதில்லை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இங்கே கைகொடுக்கும். பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலருக்கு, “என் குடும்ப இலக்கத்தின் கீழ் பதியப்பட்ட பதில்களின் பிரதி வேண்டும்” என்று எழுதினால் போதும். காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். தமிழில் எழுதுங்கள், பதிலையும் தமிழில் கேளுங்கள். அரசியலமைப்பு தந்த உரிமை அது. சிங்களப் படிவத்தை நீட்டி “இதில் கையெழுத்துப் போடுங்கள்” என்றால், தமிழ்ப் படிவம் வரும்வரை போடாதீர்கள்.