நானோ படிக பாண்டட் காந்த வளையம்: சின்ன மோட்டாருக்குச் சரி, பளு தூக்க வேண்டாம்

நியோடிமியம் காந்தப் பொடியைப் பிசினில் கலந்து அழுத்திச் செய்வதுதான் பாண்டட் வளையம். பெட்டியில் 'நானோ' என்று போட்டிருப்பதை நம்பி, சாதாரண நியோடிமியம் காந்தத்தைவிட இது பலசாலி என்று வாங்கினால் ஏமாற்றம்தான். என்52 தரச் சின்டர் காந்தத்தின் (பொடியை அழுத்திச் சுட்டு இறுக்கியது) ஆற்றல் பெருக்கம், அதாவது காந்தத்தின் பலத்தைச் சொல்லும் அளவு, கன மீட்டருக்குச் சுமார் 400 கிலோஜூல். இந்த வளையத்தில் 80 கிடைத்தால் நல்ல சரக்கு.

நியோடிமியம், இரும்பு, போரான் கலவையை உருக்கி, வேகமாகச் சுழலும் செப்புச் சக்கரத்தின் மேல் பீச்சி ரிப்பனாக உறையவைக்கிறார்கள். படிகங்கள் 20 முதல் 50 நானோமீட்டர்தான் இருக்கும். சின்டரில் அவை சில மைக்ரான். இவ்வளவு பொடிப் படிகம் தன் காந்தத்தை லேசில் விடாது. ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை பார்த்து நிற்பதால் மீதக் காந்தப்புலம் (காந்தமேற்றி முடித்தபின் தங்கும் புலம்) பாதியாகிவிடுகிறது. ரிப்பனைப் பொடித்து எபாக்சி கலந்து அழுத்தும்போது, பிசினும் காற்று இடைவெளியும் இன்னும் கொஞ்சம் தின்று, கடைசியில் 0.7 டெஸ்லா அளவில் நிற்கும்.

அந்தத் திசையின்மையே மோட்டாரில் வரம். ஒரே வளையத்தில் 8 துருவம் வேண்டுமானாலும் பதிக்கலாம், அளவும் கச்சிதமாக வரும், சுழல் மின்னோட்ட இழப்பும் (மாறும் புலத்தால் காந்தத்துக்குள்ளேயே மின்னோட்டம் எழுந்து வெப்பமாக வீணாவது) குறைவு. இந்த வேலைக்கு நாங்கள் தயங்காமல் பரிந்துரைப்போம்.

வளையம் வந்ததும், காந்தப்புலத்தை அளக்கும் கௌஸ் மீட்டரின் முனையை ஒரே இடைவெளியில் வைத்து வளையத்தைச் சுற்றிப் பாருங்கள். துருவ உச்சங்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும். எல்லாமே தாழ்ந்திருந்தால் காந்தமேற்றிய துடிப்பு போதவில்லை. இதற்கு 3 டெஸ்லாவுக்குக் குறையாத புலம் வேண்டும். தண்டில் தட்டி இறுக்கினால் விரிசல் விடும், தளர்வாகக் கோத்துப் பசை போடுங்கள். ஓரத்தில் கோட்டிங் பெயர்ந்தால் துரு அங்கிருந்துதான் கிளம்பும்.

இனி 'நானோ காம்போசிட்' என்று விற்பவற்றைப் பற்றி. டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஸ்கோம்ஸ்கி, கோயி என்ற இயற்பியலாளர்கள் 1993இல் போட்ட கணக்குப்படி, வன்காந்தப் (காந்தத்தை லேசில் விடாத) படிகங்களை ஒரே திசையில் அடுக்கி, இடையில் சில நானோமீட்டர் மென்காந்தத்தை (எளிதில் திசை மாறுவது) செருகினால் 1,000 கிலோஜூல் வரை போகலாம். மெல்லிய படலங்களில் ஆய்வகங்கள் ஓரளவு முன்னேறியுள்ளன. கையில் பிடிக்கும் கட்டியில் திசையும் நுண்மையும் சேர்ந்து வருவதில்லை, சூடாக்கி அழுத்தும்போதே மென்காந்தப் படிகம் பருத்துவிடுகிறது. ஆகவே விற்பவரிடம் காந்தநீக்க வரைகோட்டை, அதாவது எதிர்ப்புலம் ஏற ஏற காந்தம் எப்படிக் குறைகிறது என்று காட்டும் வரைபடத்தை, கேளுங்கள். அதன் இரண்டாம் கால்பகுதியில் (எதிர்ப்புலம் ஏறும் பகுதி) தோள்பட்டை போல ஒரு மடிப்பு தெரிந்தால், மென்காந்தம் வன்காந்தத்தோடு பிணையாமல் தனியே திரும்புகிறது, அதை வாங்காதீர்கள்.