மடக்கு கேமரா ரேஞ்ச்ஃபைண்டர் (தூரம் அளக்கிற கருவி) சரி பண்ணணும்னா எது சுலபம், ஐசோலெட் 3ஆ, மாஸ்க்வா 5ஆ?

ரெண்டையும் வச்சிருந்தேன், மாஸ்க்வாவ போன தண்ணித் திருவிழாவுக்கு முன்னாடி வித்துட்டேன், அதனால நான் எந்தப் பக்கம்னு ஒளிக்கல. ரெண்டும் 1950கள் சரக்கு, ரெண்டும் 120 ஃபிலிம். மாஸ்க்வால 6க்கு 9 செ.மீ. நெகட்டிவ், ஒரு ரோல்ல 8 படம். அக்ஃபா ஐசோலெட்ல 6க்கு 6, 12 படம். அதுல பேச வேற ஒண்ணுமில்ல.

மாஸ்க்வா ஜெர்மன் சூப்பர் ஐகோன்டா கேமராவப் பாத்து ரஷ்யாக்காரங்க செஞ்சது. லென்ஸத் திருப்பினா முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற சின்னக் கைக்குள்ள ரெண்டு ஆப்புக் கண்ணாடி எதிரெதிரா சுத்தும், ரெண்டு உருவமும் ஒண்ணா சேந்தா ஃபோகஸ் ஆயிடுச்சு. ரொம்ப சுகம், பிரிக்காத வரைக்கும்.

ஆனா ரங்கூன்ல பிரிக்காம இருக்க முடியுமா? மே மாசம் பிடிக்கிற மழை அக்டோபர் வரைக்கும் விடாது, லென்ஸ்ல ஃபங்கஸ் வந்துடும். ஒரு ரிப்பேர்காரர் முன் கண்ணாடிய துடைச்சு மாட்டிக் கொடுத்தார். ஃபைண்டர்ல ஷ்வேடகோன் பயாவோட (புத்தர் கோயில்) உச்சி கச்சிதமா சேருது, நெகட்டிவ் மட்டும் மங்கல்! லென்ஸ் மரை தப்பா ஏறியிருக்கு, அந்தத் தப்புக்கே கையையும் பொருத்தி வச்சிருக்கார். அப்ப லென்ஸ முதல்ல சரி பண்ணி, அப்புறம் லென்ஸையும் கையையும் இணைக்கிற பல்சக்கரத்த விலக்கித் திரும்பக் கோக்கணும், ஒரு பல் தள்ளினா மறுபடி முதல்லேர்ந்து. ரெண்டு ஞாயித்துக்கிழமை போச்சு.

ஐசோலெட்ல ஃபைண்டருக்கும் லென்ஸுக்கும் அந்த சம்பந்தமே கிடையாது. மேல இருக்கிற சக்கரத்தத் திருப்பி தூரத்தப் பாத்து, அத லென்ஸ்ல நீங்களே வைக்கணும். இதத்தான் எல்லாரும் குறைங்கறாங்க, எனக்கு இதுதான் நிம்மதி, ஏன்னா ஒண்ணு கெட்டா இன்னொண்ணு கெடாது. சாயங்காலம் பயாவுல விளக்கு போட்டதும் மொட்டை மாடிக்குப் போங்க, பின்கதவத் திறந்து ஃபிலிம் ஓடுற உள் தண்டவாளத்து மேல டிரேசிங் பேப்பர இழுத்து ஒட்டுங்க (வெளித் தண்டவாளத்துல ஒட்டினா எல்லாம் வீண்), ஷட்டர பி-ல (அமுக்கியிருக்கிற வரைக்கும் திறந்திருக்கும்) திறந்து நிறுத்தி, அப்பர்ச்சர (வெளிச்சம் நுழையற துளை) முழுசா திறந்து பூதக்கண்ணாடியால பாருங்க. லென்ஸ சுத்தி இருக்கிற ஃபோகஸ் வளையத்துல இருக்கிற மூணு குட்டி ஸ்க்ரூவ தளத்தி, உச்சி கூர்மையா தெரியற வரைக்கும் முன் கண்ணாடிய திருப்பி, வளையத்த இன்ஃபினிட்டில (ரொம்ப தூரக் குறி) வச்சு முடுக்கிட்டா லென்ஸ் வேலை முடிஞ்சது. அப்புறம் மேல்மூடியக் கழட்டி உச்சியோட ரெண்டு உருவமும் சேர்ற வரைக்கும் ஃபைண்டர் கண்ணாடியோட ஸ்க்ரூவ மெல்லத் திருப்பினா ஃபைண்டரும் சரி, கடைசியா டேப் பிடிச்சு 2 மீட்டர்ல ஒரு தடவ சரிபாருங்க. மெல்லிசா உலோகம் பூசின அந்த ஃபைண்டர் அரைக்கண்ணாடியத் துடைச்சிடாதீங்க, பூச்சு கையோட வந்துடும்.

அக்ஃபாவுக்கும் வியாதி இருக்கு. லென்ஸ் மரையில பச்சை கிரீஸ் கல்லாட்டம் இறுகிடும், எனக்கு லைட்டர் பெட்ரோல் சொட்டு சொட்டா விட்டு ராத்திரி முழுக்க ஊறவச்சப்புறம்தான் திரும்புச்சு. பெல்லோஸ் (லென்ஸுக்குப் பின்னாடி மடியற கறுப்புத் துருத்தி) மூலையில ஊசி ஓட்டை வேற, இருட்டு ரூம்ல டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வாங்குங்க.

மாஸ்க்வால நான் மூணே ரோல்தான் எடுத்தேன், அதனால யாரும் கை வைக்காத பீஸ் கிடைச்சா அது வருஷக்கணக்கா நிக்கலாம், இல்லன்னு சொல்ல மாட்டேன். ஓடுற பிள்ளைங்கள எடுக்கவும் அதுதான் வசதி. சாமி ஊர்வலத்துல நான் ஐசோலெட்ட 3 மீட்டர், அப்பர்ச்சர் எஃப் 11-ல வச்சுடறேன், ரெண்டரைலேர்ந்து நாலு மீட்டர் வரைக்கும் தெளிவா விழுது, சக்கரத்தத் தொடறதே இல்ல.