குளிர்காலத்துக்கு வீட்டை ரெடி பண்றது: பல வின்டர் ஓட்டின பிறகு எது தேறுச்சு, எது தேறல

குளிர் ஆரம்பிச்சாலே எல்லாரும் கேக்குறது எந்த ஹீட்டர் நல்லதுன்னுதான். நான் பல வருஷமா ஒவ்வொண்ணா வாங்கிப் போட்டு, கழட்டி, மறுபடி மாட்டிப் பாத்துட்டு சொல்றேன், ஹீட்டர் கடைசியா யோசிக்க வேண்டிய சாமான், முதல்ல குளிர் காத்து எந்த வழியா உள்ள வருதுன்னு பாருங்க. பெட்டி பிரிச்ச அன்னிக்கே எழுதுற ரிவ்யூ கிடையாது இது, டேப்போட பசை காஞ்சு, பிரஷ் தேஞ்சு, வாரண்டியும் முடிஞ்சப்புறம் எழுதுறேன், அதனால கொஞ்சம் தைரியமாவே சொல்லலாம்.

வீடு பழசு. பெரிய ஜன்னல், எல்லாம் சிங்கிள் கண்ணாடி. ரூம் சூட்ட செட் பண்ற தெர்மோஸ்டாட்ல 20 டிகிரி காட்டும், ஆனா ஜன்னல் பக்கத்து சோஃபால உக்காந்தா ஒரு தோள் மட்டும் சில்லுன்னு இருக்கும். ஏன்னா நம்ம உடம்புக்கு காத்தோட சூடு மட்டும் கணக்கு இல்ல, சுத்தி இருக்குற சுவரு, கண்ணாடி, தரை இதெல்லாம் குளிர்ந்து கெடந்தா உடம்புச் சூடு கதிர்வீச்சா அந்தப் பக்கம் போய்க்கிட்டே இருக்கும். வெளிய 0 டிகிரி, உள்ள 20 டிகிரின்னா சிங்கிள் கண்ணாடியோட உள்பக்கம் ஏறக்குறைய 5 டிகிரிதான் இருக்கும், சாதா டபுள் கண்ணாடின்னா 12, 13, லோ-ஈ கோட்டிங் (சூட்ட திருப்பி உள்ளயே அனுப்புற மெல்லிசான பூச்சு) போட்ட டபுள் கண்ணாடின்னா 16க்கு மேல வந்துடும். அது போக, கண்ணாடிய தொட்டுக் குளிர்ந்த காத்து கனமாகி கீழ இறங்கி நேரா காலுக்கு வரும், ஜன்னல்ல ஓட்டையே இல்லாட்டியும் காத்தடிக்கிற மாதிரி தோணுறது இதனாலதான். இது தெரியாம தெர்மோஸ்டாட்ட 23, 24ன்னு ஏத்திக்கிட்டே போனா பில்லுதான் ஏறும், தோளு சில்லுன்னுதான் இருக்கும்.

ஓட்டை கண்டுபிடிக்க ஒரு வழி சொல்றேன். நல்லா காத்தடிக்கிற நாளா பாத்து எல்லா ஜன்னலையும் சாத்திட்டு, கிச்சன் பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன ஓட விட்டு, ஒரு ஊதுபத்திய கொளுத்திக்கிட்டு ஓரமா நடங்க, புகை எங்க வளையுதோ அங்க ஓட்டை (கர்ட்டன் பக்கம் ஜாக்கிரதை). வீட்டுக்குள்ள கேஸ் பாய்லரோ விறகு அடுப்போ எரிஞ்சுக்கிட்டு இருந்தா மட்டும் இதைப் பண்ணாதீங்க, ஃபேன் இழுக்குற இழுப்புல சிம்னி வழியா போக வேண்டிய புகை திரும்ப உள்ள வரலாம். எங்க வீட்ல புகை வளைஞ்ச இடங்கள்ல பாதி நான் எதிர்பார்க்காத இடம், வெளிச்சுவர்ல இருக்குற பிளக் பாயிண்ட், சிங்க் பைப் சுவருக்குள்ள போற இடம், எல்லாத்தையும் விட மோசம் மேல பரணுக்கு ஏறுற மூடி. கீழ கால் குளிருதுன்னா மேல இருக்குற மூடிய அடைக்கணும்னு யாராவது சொன்னா முதல்ல சிரிப்பு வரும், ஆனா சூடான காத்து மேல ஏறி அந்த இடுக்கு வழியா வெளிய போகப் போக, அதுக்குப் பதிலா கீழ கதவிடுக்கு வழியா குளிர் காத்து உள்ள வந்துக்கிட்டே இருக்கும். மூடிய சுத்தி ரப்பர் சீல் ஒட்டி, அதுக்கு மேல சூடு வெளிய போகாம தடுக்குற இன்சுலேஷன் போர்டு ஒண்ணு வெட்டி வெச்சது இவ்வளவு வருஷத்துல நான் பண்ணதுலயே செலவு கம்மி, பலன் ஜாஸ்தி.

கதவு ஜன்னலுக்கு ஒட்டுற டேப்ல சீப்பான ஃபோம் டேப் வேணவே வேணாம், ஒரு சீசன்லயே தட்டையாகி அடுத்த குளிருக்கு உதவாம போயிடும். ரப்பர் டைப்பும், வி மாதிரி மடிஞ்சு இருக்குற பிளாஸ்டிக் ஸ்ட்ரிப்பும் இன்னும் அப்படியே இருக்கு. கதவுக்குக் கீழ மாட்டுற டோர் ஸ்வீப் ரப்பர்ல வாங்கினா மேடு பள்ளமான தரைல இழுத்துக்கும், பிரஷ் டைப் நல்லா ஓடுது, ஆனா தேயும், தேஞ்சா பிரஷ்ஷ மட்டும் மாத்துற மாதிரி இருக்கான்னு பாத்து வாங்குங்க. வாடகை வீடா இருந்து ஆணி அடிக்க முடியாதுன்னா, மணல் ரொப்பின நீட்டுத் தலகாணிய கதவடில போட்டாலே போதும்.

ஜன்னலுக்கு ஷ்ரிங்க் ஃபிலிம்னு ஒண்ணு வரும், ஃப்ரேம்ல டபுள் சைடு டேப் ஒட்டி ஃபிலிம விரிச்சு ஹேர் ட்ரையர் காட்டினா சுருங்கி டிரம் மாதிரி டைட்டாயிடும், நல்லா ஒட்டினா ஃபிலிம் இருக்கறதே தெரியாது. கண்ணாடிக்கும் ஃபிலிமுக்கும் நடுவுல காத்து மாட்டிக்கிறதால கிட்டத்தட்ட டபுள் கண்ணாடி வேலை பாக்குது. குறைன்னா சீசன் முடியிற வரைக்கும் அந்த ஜன்னலத் தொறக்க முடியாது, உரிக்கும்போது பெயிண்ட்டும் சேர்ந்து வரும், டேப்ப மறுபடி ஹேர் ட்ரையர்ல சூடு பண்ணி மெதுவா உரிச்சா தப்பிக்கலாம். பபிள் ராப் ஒட்டுறதும் வேலை செய்யும், ஆனா விருந்தாளி வர்ற ரூம்ல அதைப் பாக்க சகிக்காது, ஸ்டோர் ரூமுக்கு ஓகே.

தெர்மல் கர்ட்டன் பத்தி கொஞ்சம் நீளமா சொல்லணும், விளம்பரத்துல சொல்லாத விஷயம் அதுலதான் இருக்கு. கர்ட்டன் ஜன்னல் கட்டைய தொடணும், மேல ராடுக்கும் சுவருக்கும் இடுக்கு இருக்கக்கூடாது, இல்லன்னா மேல சூடு காத்து உள்ள போய் கண்ணாடில குளிர்ந்து கீழ வழியா கொட்டும், கர்ட்டன் போட்டும் பிரயோஜனம் இல்ல. ஜன்னலுக்குக் கீழ ரேடியேட்டர் (சுடுதண்ணி ஓடி ரூம சூடாக்குற பேனல்) இருந்தா கர்ட்டன் அதுக்கு முன்னாடி தொங்கவே கூடாது, இருக்குற சூடெல்லாம் கர்ட்டனுக்குப் பின்னாடி போய் ஜன்னலுக்குத்தான் போய்ச் சேரும். இன்னொண்ணு, கர்ட்டன் நல்லா வேலை செஞ்சா காலைல கண்ணாடி நனைஞ்சு இருக்கும், ரூம் சூடு அங்க போகலன்னா கண்ணாடி இன்னும் குளிரும்ல. எழுந்ததும் கர்ட்டனத் தொறந்து தண்ணியத் தொடச்சு விடுறது தினசரி வேலை ஆயிடுச்சு, விட்டா கட்டைல கருப்புப் பூஞ்சை வரும். வெயில் விழுற பக்க ஜன்னலோட கர்ட்டன பகல்ல தொறந்தே வெச்சு, இருட்டினதும் சாத்திடுவோம்.

இப்ப ஹீட்டர். 1500 வாட் ஆயில் ஹீட்டரும் 1500 வாட் ஃபேன் ஹீட்டரும் ரூமுக்குக் குடுக்குற சூடு ஒண்ணுதான், கரண்ட் முழுசும் சூடாத்தான் மாறும், "பவர் சேவிங் டெக்னாலஜி"ன்னு பெட்டில போட்டிருந்தா அதுக்குன்னு எக்ஸ்ட்ரா காசு குடுக்காதீங்க. வித்தியாசம் சூடு வர்ற விதத்துலதான், ஆயில் சத்தமில்லாம மெதுவா சூடாகி, ஆஃப் பண்ணப்புறமும் கொஞ்ச நேரம் சூடா இருக்கும், பெட்ரூமுக்கு சரி. ஃபேன் உடனே சூடு குடுக்கும், ஆஃப் பண்ணா உடனே போயிடும். ஒரே இடத்துல உக்காந்து வேலை பாக்குறவங்களுக்கு ஆள நேரா சூடாக்குற இன்ஃப்ராரெட் பேனல் நல்லது. எதுவா இருந்தாலும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போடாதீங்க, கர்ட்டன் கட்டில்ல இருந்து 1 மீட்டராவது தள்ளி வைங்க. ராத்திரிக்கு மெத்தை மேல, பெட்ஷீட்டுக்கு அடில போடுற எலக்ட்ரிக் பிளாங்கெட் ரூம் ஹீட்டர் இழுக்குற கரண்ட்ல சின்ன பங்குதான் இழுக்கும், இதை வாங்கினதுலருந்து பெட்ரூம் ஹீட்டர் பாதி நாள் ஓடுறதே இல்ல.

கரண்ட்ல நிஜமாவே மிச்சம் பண்றது ஹீட் பம்ப்தான், அதாவது சூடும் குடுக்குற இன்வர்ட்டர் ஏசி. அது சூட்ட உண்டாக்கல, வெளிக்காத்துல இருக்குற சூட்ட உள்ள இழுத்து விடுது, அதனால 1 யூனிட் கரண்டுக்கு பொதுவா 2லருந்து 4 யூனிட் வரைக்கும் சூடு வரும், வெளிய குளிர் ஏற ஏற அந்த லாபம் கம்மியாகும். வெளி யூனிட்ல பனி படிஞ்சா அதை உருக்க டீஃப்ராஸ்ட் ஆகி கொஞ்ச நிமிஷம் சூடு வராம நிக்கும், புசுபுசுன்னு ஆவியும் வரும், ரிப்பேர்னு நினைச்சு பயப்பட வேணாம். போட்டு போட்டு நிறுத்தாம ஒரே டெம்பரேச்சர்ல மிதமா ஓட விட்டாத்தான் இதுக்கு அழகு. எவ்வளவுல வைக்கணும்னா, உலக சுகாதார நிறுவனம் 2018ல வெளியிட்ட வீட்டு வசதி வழிகாட்டுதல்ல குறைஞ்சது 18 டிகிரின்னு சொல்லியிருக்கு, குழந்தைங்க வயசானவங்க இருந்தா அதுக்கு மேல. இடுக்கெல்லாம் அடைச்சப்புறம் எங்களுக்கு 19 போதுமானதா இருக்கு.

காத்துல ஈரம் சேக்குற ஹ்யூமிடிஃபயர் வாங்குறதுக்கு முன்னாடி, ஈரப்பதத்த அளக்குற ஹைக்ரோமீட்டர் ஒண்ணு வாங்குங்க. வெளிய 0 டிகிரி காத்து முழு ஈரத்தோட உள்ள வந்தாலும் 20 டிகிரிக்கு சூடானப்புறம் ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழ போயிடும், உதடு வெடிக்கிறது அதனாலதான். ஆனா இடுக்கெல்லாம் அடைச்ச வீட்ல கதை உல்டா, சமைக்கிறது, குளிக்கிறது, துணி காயப்போடுறதுன்னு ஈரம் உள்ளயே தங்கும், ஒரு தடவ துவைச்ச துணிய ரூமுக்குள்ள காயப்போட்டா சுமார் 2 லிட்டர் தண்ணி காத்துல கலக்கும். ஈரப்பதம் 30லருந்து 50 சதவீதத்துக்குள்ள இருந்தா எதுவும் வாங்க வேணாம். எங்க வீட்ல வெளிச்சுவர ஒட்டி இருந்த அலமாரிக்குப் பின்னாடி பூஞ்சை வந்துச்சு, ஒரு சாண் தள்ளி வெச்சதும் வரல. தினமும் அஞ்சு நிமிஷம் ஜன்னல நல்லா அகலமா தொறந்து சாத்திடுவேன், காத்துதான் மாறும், சுவத்துல இருக்குற சூடு அப்படியே இருக்கும். வீட்டை அடைக்க அடைக்க கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம், கேஸ், விறகு, எது எரிஞ்சாலும் சரி, அந்த வாயுவுக்கு மணமும் கிடையாது நிறமும் கிடையாது. அதோட சென்சாருக்கு ஆயுசு உண்டு, பின்னாடி போட்டிருக்குற தேதியப் பாருங்க.

வர்றவங்களுக்கு இதமா இருக்கணும்னா மேல ஒரே ஒரு வெள்ளை லைட்ட எரிய விடாம, மஞ்சள் வெளிச்சம் தர்ற 2700 கெல்வின் பல்பு போட்டு ரெண்டு மூணு சின்ன லேம்ப் ஓரமா வைங்க. வாசல்ல ஈர ஷூ வைக்க ஒரு ட்ரே, உக்காந்து கழட்ட ஒரு பெஞ்ச், கோட்டு மாட்ட கொக்கி. சென்ட் கேண்டில் எனக்குப் பிடிக்காது, சுவத்துல கரி படியும், அதோட வாசனையப் போட்டு ஈர வாடைய மறைக்கிறாங்களோன்னு வீடு பாக்க வர்றவங்களுக்கு சந்தேகம் வரும்.

வீட்ட விக்கிற ஐடியா இருந்தா செலவு பண்ற வரிசை முக்கியம். முதல்ல பரண் இன்சுலேஷன், அடுத்து இடுக்கு அடைக்கிறது, அப்புறம்தான் ஜன்னல் மாத்துறது, ஜன்னலுக்குப் போட்ட காசு பில்லுல திரும்பி வர ரொம்ப வருஷம் ஆகும். நாங்க ஹாலுக்கும் பெட்ரூமுக்கும் மட்டும் மாத்தினோம், மத்ததுக்கு இன்னும் ஃபிலிம்தான். பல நாடுகள்ல வீடு விக்கும்போது எனர்ஜி ரேட்டிங் சர்ட்டிஃபிகேட் கேக்குறாங்க, இன்சுலேஷன் போட்ட ரசீதும் மூடுறதுக்கு முன்னாடி எடுத்த போட்டோவும் இல்லன்னா, சுவத்துக்குள்ள இருக்குறத யார்கிட்டயும் நிரூபிக்க முடியாது, அதனால எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போட்டு வைங்க.

இன்னும் தீராத ஒண்ணு பாத்ரூம் தரை. ரக் போட்டா நனையுது, அடில ஹீட்டிங் மேட் போடணும்னா டைல்ஸ்ஸ பேக்கணும், டைல்ஸ் மாத்துற அன்னிக்கு பாத்துக்கலாம்னு விட்டு வெச்சிருக்கோம்.