ஆற்றைக் காக்க எது உதவும்: நிறம் மாறும் குழாயா, பூச்சி வலையா?

இங்கிலாந்தில் ஆற்றைக் கண்காணிக்க முன்வரும் பொதுமக்கள் முன் இரண்டு வழிகள் இருக்கின்றன. எர்த்வாட்ச் அமைப்பின் ஃப்ரெஷ்வாட்டர் வாட்ச் திட்டத்தில் சிறு பிளாஸ்டிக் குழாயில் நீரை உறிஞ்சி, நிறம் மாறுவதை வைத்து, உரத்திலிருந்தும் கழிவிலிருந்தும் கலக்கும் நைட்ரேட், பாஸ்பேட் அளவை அறியலாம். ரிவர்ஃப்ளை பார்ட்னர்ஷிப் என்ற கூட்டமைப்பில் சேர்ந்தால் ஆற்றிலேயே இறங்கி, அடியில் வாழும் பூச்சிகளைப் பிடித்து எண்ண வேண்டும். ஒன்றுதான் முடியும் என்றால் வலையை எடுங்கள் என்பேன்.

குழாய் எளிது. நைட்ரேட்டுக்கு மூன்று நிமிடம், பாஸ்பேட்டுக்கு ஐந்து. பள்ளிப் பிள்ளைகளே செய்துவிடலாம். நிற அட்டை துல்லியமான எண்ணைத் தராது, லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் என்பதுபோல ஒரு வரம்பைத்தான் காட்டும். அதைவிடப் பெரிய குறை, அது அந்த நிமிடத்து நீரை மட்டுமே அறியும். இரவில் கழிவு கலந்து, விடிவதற்குள் ஓடிப்போயிருந்தால் காலையில் குழாய்க்கு ஒன்றும் தெரியாது.

பூச்சிகள் எங்கும் ஓடிப்போவதில்லை. மூன்று நிமிடம் காலால் ஆற்றடியைக் கிளறி, வலையில் சேர்ந்ததை வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள். மணலையும் குச்சியையும் ஒட்டிக் கட்டிய கூட்டை இழுத்துக்கொண்டு கேடிஸ் புழு நகரும். இறால்போல் வளைந்த காமரஸ் ஒருக்களித்து நீந்தும். மேஃப்ளை என்னும் பூச்சியின் குஞ்சுகள் மூன்று வாலை ஆட்டும். மாதக்கணக்கில் அதே நீரில் கிடப்பவை என்பதால், நடந்ததெல்லாம் அவற்றின் எண்ணிக்கையில் பதிந்திருக்கும். இவைபோன்ற 8 வகைகளுக்குத் தனித்தனியே மதிப்பெண்: 1 முதல் 9 வரை இருந்தால் 1, 10 முதல் 99 வரை இருந்தால் 2, இப்படி. அந்த இடத்துக்கென்று வகுத்த எச்சரிக்கை அளவுக்குக் கீழே மொத்தம் இறங்கினால் அரசின் சுற்றுச்சூழல் முகமைக்குத் தகவல் போகும்.

2013 ஜூலையில் கென்னட் ஆற்றில் அதுதான் நடந்தது. மார்ல்பரோ நகருக்குக் கீழே பூச்சிகள் காணாமல் போனதைத் தன்னார்வலர்களே முதலில் கண்டார்கள். பாதிப்பு சுமார் 15 கிலோமீட்டர் நீண்டது. காரணம் குளோர்பைரிபாஸ், கரையான் மருந்தாக நமக்கும் பழகிய பெயர். கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் வழியாக மிகச் சிறிய அளவு ஆற்றில் கலந்திருந்தது. நைட்ரேட், பாஸ்பேட் குழாய்கள் எத்தனை வைத்திருந்தாலும் இந்த நஞ்சைக் காட்டியிருக்காது.

ஆனால் கெட்டுவிட்டது என்று சொல்லும் பூச்சி, எதனால் என்று சொல்லாது. நீர் வற்றினாலும் வண்டல் படிந்தாலும்கூட எண்ணிக்கை குறையும். பாஸ்பேட் எந்த ஓடையில் வருகிறது என்று தேடும்போது குழாய்தான் கைகொடுக்கும்: கழிவுநீர் சேரும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று எடுத்தால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். குளிப்பவர்கள் அஞ்சும் ஈகோலி கிருமியை இரண்டும் காட்டா. அதற்கு ஆய்வகம் வேண்டும்.

வலைக்கு ஒரு நாள் பயிற்சியும், இறங்கி நிற்கக்கூடிய ஆழமற்ற ஆறும், மாதந்தோறும் தவறாமல் வரும் ஆட்களும் தேவை. இடையில் பல மாதம் விட்டுப்போனால் எந்த மாதம் பூச்சி குறைந்தது என்றே கண்டுபிடிக்க முடியாது. அப்படி வர இயலாதவர்கள் குழாயோடு தொடங்கட்டும். வலை பிடிப்பவர்கள் ஒரு ஆற்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் முன் வலையையும் காலணியையும் நன்றாகக் கழுவிக் காயவையுங்கள். நோயும் அயல் உயிரினங்களும் அவற்றில் ஒட்டிக்கொண்டு பரவும்.