பழுப்பாக வந்த விட்டமின் சி சீரத்தை "இயற்கை நிறம்" என்றால் நம்பாதீர்கள்

ஆன்லைன் கடை ஒன்று அனுப்பிய 30 மி.லி. பாட்டில். அட்டையில் "20% விட்டமின் சி". திறந்தால் டிகாக்‌ஷன் நிறத்தில் சீரம். புகார் செய்ததற்கு வந்த பதில்: "அது ஆரஞ்சுப் பழத்தின் இயற்கை நிறம். சீல் உடைத்துவிட்டதால் பணம் தர முடியாது." இரண்டுமே ஏமாற்று. இந்தப் பதிலைக் கேட்டுவிட்டுப் பேசாமல் போகிறவர்கள்தான் அதிகம்.

விட்டமின் சி-யின் அசல் வடிவம் எல்-அஸ்கார்பிக் அமிலம். அதன் நல்ல கரைசல் நிறமற்றது. சேர்மானத்தைப் பொறுத்து வெளிர் மஞ்சளாக இருக்கலாம். காற்று, வெளிச்சம், சூடு பட்டால் முதலில் அது டீஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலமாகிறது. அதுவும் உடைந்த பிறகுதான் பழுப்பு ஏறும். ஆகவே கண்ணுக்குப் பழுப்பு தெரிகிறது என்றால் சரக்கு கெட்டு நாளாகிவிட்டது. பூசினால் பலன் கிடைக்காது, தோலிலும் தலையணை உறையிலும் மஞ்சள் கறைதான் படியும்.

சிலர் சாயம் சேர்த்தே விற்கிறார்கள். லேபிளில் சிஐ 15985, சிஐ 19140 என்று இருந்தால் அது செயற்கைச் சாயம். உள்ளே கெட்டாலும் வெளியே தெரியாது. வாங்கவே வாங்காதீர்கள்.

சேர்மானப் பட்டியலில் அளவு கூடியது முதலில் வரும். 1 சதவீதத்துக்குக் குறைந்தவை மட்டும் முன்பின்னாக வரலாம். ஃபீனாக்ஸிஎத்தனால் கெடாமல் காக்கச் சேர்ப்பது, 1 சதவீதத்தைத் தாண்டாது. அஸ்கார்பிக் அமிலம் அதற்கும் பின்னால் இருந்தால் 20 சதவீதம் என்பது பொய்.

வீட்டிலேயே சோதிக்கலாம். அரை டம்ளர் தண்ணீரில் சீரம் ஒரு சொட்டு விடுங்கள். அதே அளவுள்ள வேறொரு சுத்தமான டிராப்பரால் 10% பெட்டாடின் (புண்ணுக்குப் போடும் அயோடின் மருந்து) கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கலக்குங்கள். உண்மையான 20% சீரம் ஏறக்குறைய 25 முதல் 30 சொட்டு வரை பெட்டாடின் நிறத்தை அழித்துவிடும். 5% பெட்டாடின் என்றால் அதில் இரு மடங்கு. இரண்டு மூன்று சொட்டிலேயே நிறம் தங்கினால் உள்ளே விட்டமின் சி அநேகமாக இல்லை. ஒரு எச்சரிக்கை: சல்ஃபைட் சேர்த்த சீரமும் நிறத்தை அழிக்கும். மெக்னீசியம் அஸ்கார்பில் பாஸ்பேட், அஸ்கார்பில் குளுகோசைட் போன்ற மாற்று வடிவங்களுக்கு இந்தச் சோதனை பொருந்தாது. அவற்றை இதை வைத்துக் குறை சொல்லக் கூடாது.

அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளும் உதவும்; எண் குறையக் குறைய அமிலம் அதிகம். எல்-அஸ்கார்பிக் அமிலம் தோலுக்குள் இறங்க பிஎச் 3.5-க்குக் கீழே இருக்க வேண்டும். 5, 6 என்று காட்டினால் அது தோலுக்குள் சரியாக இறங்காது.

பார்சலைப் பிரிக்கும்போதே வீடியோ எடுங்கள்: பேட்ச் எண், தயாரிப்புத் தேதி, காலாவதி, தயாரிப்பாளர் முகவரி, உரிம எண். பிறகு வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு நிறத்தையும் பதிவு செய்யுங்கள். தேதியின் மேல் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அதைத் தனியாகப் படம் எடுங்கள். குறைபாடுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் சொல்கின்றன. அதைக் குறிப்பிட்டு கடைக்கு எழுத்தில் அனுப்புங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. உரிம எண்ணே இல்லாத பாட்டில் என்றால் மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கும் புகார் கொடுங்கள். பணம் கைக்கு வரும்வரை பாட்டிலையும் அட்டைப் பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள்.