ஃபிரிட்ஜ் சத்தத்தை ‘அழிக்கும்’ பெட்டி: திருகோணமலை ஆட்கள் கவனம்

உப்புவெளியில் எங்கள் வீடு சின்னது. முழங்கால் வலியால் அம்மா ஹோலிலேயே படுக்கிறார். தலைமாட்டுக்குப் பக்கத்தில் பழைய ஃபிரிட்ஜ். அதன் இரைச்சலில் அவருக்கு நித்திரையே இல்லை.

டவுனில் ஒரு கடையில் இதைச் சொன்னேன். “சத்தத்தைச் சத்தத்தாலயே அழிக்கிற மெஷின் இருக்கு அக்கா, ஃபிரிட்ஜுக்கு மேல வச்சாப் போதும்” என்றார்கள். 18,500 ரூபாய். அம்மா நித்திரை கொண்டால் போதும் என்று சீட்டுக் காசைக் கொடுத்து வாங்கினேன்.

முதல் இரவே அம்மா, “பிள்ளை, இப்ப ரெண்டு சத்தம் கேக்குது” என்றார்.

திருப்பிக் கொண்டுபோனால், “ரெண்டு கிழமை ஓட விடுங்கோ” என்றார்கள். அதற்குப் பிறகு போனால், “விற்ற சாமான் திருப்பி எடுக்கிறதில்லை.” பில் என்று தந்த துண்டில் கடைப் பெயர்கூட இல்லை.

பொறியியல் படிக்கும் என் பெறாமகன் பெட்டியைக் கழற்றினான். உள்ளே ஒரு சின்ன ஸ்பீக்கர், ஒரு போர்ட், நீல லைட். அவ்வளவுதான். “மைக்கே இல்லையே சித்தி. காதில்லாத பெட்டி எதைக் கேட்டு எதிர்ச்சத்தம் போடும்?”

சத்தத்தைச் சத்தத்தால் அழிக்கும் முறை பொய்யில்லை என்றும் அவனே சொன்னான். 1936இலேயே அமெரிக்காவில் இதற்குக் காப்புரிமை கொடுத்திருக்கிறார்கள். மைக் கேட்கும் அலை ஏறும்போது ஸ்பீக்கர் இறங்கும் அலையை விட வேண்டும்; அப்போதுதான் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும். ஹெட்போனிலும் ஒடுங்கிய காற்றுக் குழாயிலும் இது நன்றாக வேலை செய்யும். திறந்த ஹோலில் கஷ்டம். நமது 50 ஹேர்ட்ஸ் கரண்டில் ஓடும் ஃபிரிட்ஜின் உறுமலில் 100 ஹேர்ட்ஸ் ஒலி இருக்கும். அதன் அலைநீளம் ஏறக்குறைய 3.4 மீட்டர். மைக்கைச் சுற்றி அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஓர் அடி அளவுக்குத்தான் நன்றாக அமைதி கிடைக்கும். அப்படியென்றால் மைக் அம்மாவின் தலையணையில் இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் மேல் ஒரு பெட்டியை வைத்து வீட்டையே அமைதியாக்கலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பிறகு அவன் ஃபிரிட்ஜைச் சுவரிலிருந்து தள்ளி வைத்து, ஆடிக்கொண்டிருந்த காலைத் திருகிச் சமப்படுத்தி, அடியில் ரப்பர் துண்டுகள் வைத்தான். சத்தம் நன்றாகவே குறைந்துவிட்டது. அம்மா இப்போது விடியும் வரை படுக்கிறார்.

இதே பெட்டியை உங்களிடம் காட்டினால், மைக் எங்கே என்று கேளுங்கள். கடையிலேயே ஓடுகிற ஃபிரிட்ஜில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். கடைப் பெயர் அச்சடித்த பில் இல்லாமல் காசைக் கொடுக்க வேண்டாம். ஏற்கனவே வாங்கி ஏமாந்தவர்கள், நுகர்வோர் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்து முறைப்பாடு செய்யுங்கள். நானும் செய்யப்போகிறேன்.