வால்ஐ மீனுக்கு எந்த ஏரி? மூன்று இடங்கள், ஒரு ஃப்ரீசர் கணக்கு

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுகிறேன். இது நம்மூர் வாளை மீன் இல்லை. வால்ஐ. வட அமெரிக்காவின் குளிர்ந்த ஏரிகளிலும் ஆறுகளிலும் கிடைக்கும் நன்னீர் மீன். கண்ணுக்குள் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் ஒரு படலம் உண்டு. அதனால் மங்கலான தண்ணீரிலும் இதற்கு நன்றாகக் கண் தெரியும். இருட்டில் டார்ச் அடித்தால் பூனைக்கண் போல மின்னும். மினசோட்டாக்காரர்களுக்கு இதன்மேல் தீராத பைத்தியம். 1965-இலேயே மாநில மீனாக அறிவித்துவிட்டார்கள்.

மினியாபொலிஸ் பக்கம் இருக்கும் நண்பர்கள் ஐந்து பேருக்கு, உறைந்த ஏரியில் துளை போட்டு உட்கார்ந்து வால்ஐ பிடிக்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. 2023-24 குளிர்காலத்தில் போவதாக இருந்தோம். அந்த வருடம் பார்த்து மினசோட்டாவில் குளிரே இல்லை. எங்கள் பக்கத்து ஏரிகளில் பனியை நம்பிக் கால் வைக்க முடியவில்லை. சரி என்று 2025 ஜனவரிக்குத் தள்ளினோம். அப்புறம் எந்த ஏரி என்பதில் சண்டை ஆரம்பித்தது. பக்கத்தில் இருக்கும் மில் லாக்ஸ் என்றான் ஒருவன். கனடா எல்லையில் இருக்கும் லேக் ஆஃப் த வுட்ஸ் என்றேன் நான். வடக்கு டகோட்டாவின் டெவில்ஸ் லேக் என்று இரண்டு பேர்.

"எங்க நிறைய எடுத்துட்டு வரலாமோ அங்க போவோம் மாப்ள. இதுல என்ன யோசனை?" என்றான் ஐந்தாமவன். திருநெல்வேலிக்காரன்; மீன் குழம்பு இல்லாமல் ஞாயிற்றுக்கிழமையைக் கழிக்கத் தெரியாதவன்.

நியாயமான கேள்விதான். ஆனால் விதிப் புத்தகத்தைத் திறந்ததும் "நிறைய" என்ற சொல்லுக்கு ஒரே பொருள் இல்லை என்று தெரிந்தது. ஒரு நாளில் எத்தனை பிடித்து வைத்துக்கொள்ளலாம் என்பது ஒரு கணக்கு. எந்த நேரத்திலும் உங்கள் கைவசம் மொத்தம் எத்தனை இருக்கலாம் என்பது இன்னொரு கணக்கு. எந்த நீளத்து மீனை எடுக்கலாம் என்பது மூன்றாவது. ஏரிக்கு ஏரி இந்த மூன்றும் வேறு வேறு மாதிரி சேர்ந்து வருகின்றன. கீழே சொல்லும் எண்கள் எல்லாம் நாங்கள் போன அந்தக் குளிர்காலத்துக்கு உரியவை. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால், போகும் முன் அந்த வருடத்துப் புத்தகத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

காகிதத்தில் ஜெயிப்பது டெவில்ஸ் லேக். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 வால்ஐ. பல நாள் பயணம் என்றால் கைவசம் 10 வரை. 'இந்த நீளம் முதல் அந்த நீளம் வரை தொடாதே' என்ற வகைத் தடை அங்கே கிடையாது. குளிர்காலத்தில் ஒருவர் நான்கு தூண்டில் போடலாம், மினசோட்டாவில் இரண்டுதான். ஐந்து பேர் போனால் இருபது தூண்டிலா, பத்தா என்பது சின்ன வித்தியாசம் இல்லை. கூடவே மஞ்சள் பெர்ச் மீன் நாளுக்கு 20.

அந்த ஏரியின் கதையும் விசித்திரமானது. வெளியே வடிய வழியில்லாத பள்ளம் அது. 1993-இலிருந்து மழையும் ஈரமும் கூடி, தண்ணீர் முப்பது அடிக்கு மேல் ஏறி, சாலைகளையும் வயல்களையும் மரங்களையும் விழுங்கிவிட்டது. மூழ்கிய மரங்களுக்கும் பழைய சாலைகளுக்கும் இடையே மீன் பெருகியது. ஊர்க்காரர்களுக்கு நிலம் போனது. தூண்டில்காரர்களுக்கு யோகம் அடித்தது.

அப்படியிருந்தும் எங்களுக்கு அது சரிப்படவில்லை. எங்கள் வீட்டிலிருந்து கிட்டத்தட்ட 400 மைல். வெள்ளி மதியம் கிளம்பி ஞாயிறு இரவுக்குள் திரும்ப வேண்டிய கூட்டத்துக்குப் போக வர மட்டும் பதின்மூன்று மணி நேரம் போய்விடும். மிஞ்சுவது ஒன்றரை நாள். கைவசம் 10 என்ற எண் பலிக்க, இரண்டு முழு நாளும் ஆளுக்கு ஐந்து ஐந்தாக விழ வேண்டும். பனியில் முன்பின் துளை போட்டிராத ஐந்து பேர் அந்த நம்பிக்கையில் வண்டி ஓட்டுவது லாட்டரிச் சீட்டு வாங்குவது மாதிரி. போதாக்குறைக்கு வெளிமாநில உரிமம் தனியாக எடுக்க வேண்டும். இங்கிருந்து உயிருள்ள சின்ன மீன் இரையைக் கொண்டுபோகவும் கூடாது. சொந்தமாகக் கூடாரமும் துளைக்கும் கருவியும் வைத்துக்கொண்டு நான்கு நாள் விடுப்பும் எடுக்க முடிந்தவர்களுக்கு இந்த ஏரிதான் முதல் தேர்வு. எங்களுக்கு இல்லை.

மில் லாக்ஸ் நேர் எதிர். இரண்டு மணி நேரத்துக்குள் போய்விடலாம். காலையில் போய் இரவு வீட்டில் படுக்கலாம். ஆனால் மீன் எடுத்து வருவதற்கு அதைவிடச் சிக்கலான ஏரியை நான் பார்த்ததில்லை. சில ஆண்டுகளில் பிடித்ததை எல்லாம் திரும்ப விட வேண்டியிருந்தது. பல பருவங்களில் 21 முதல் 23 அங்குலத்துக்குள் ஒரே ஒரு மீன்தான் எடுக்க முடிந்தது. அந்த இரண்டு அங்குலச் சந்துக்குள் மீன் வந்து மாட்டுவது அதன் தயவு. பருவத்துக்குப் பருவம் விதி மாறும். சில வருடம் பருவத்தின் நடுவிலேயே மூடியும் இருக்கிறார்கள்.

ஏன் இப்படி? அமெரிக்க அரசோடு செய்துகொண்ட 1837 ஒப்பந்தப்படி அந்தப் பகுதி ஓஜிப்வே பழங்குடி மக்களுக்கு மீன்பிடிக்கும் உரிமை உண்டு என்று 1999-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. ஒவ்வொரு ஆண்டும் எவ்வளவு எடை மீனை எடுத்தால் ஏரி தாங்கும் என்று கணக்கிட்டு, அதை மாநிலமும் எட்டு ஓஜிப்வே குழுக்களும் பங்கிட்டுக்கொள்கின்றன. மாநிலத்தின் பங்கில் நாம் வீட்டுக்கு எடுத்துப்போகும் மீன் மட்டும் சேர்வதில்லை. தூண்டிலில் மாட்டி, திரும்ப விட்டபிறகு செத்துப்போகும் மீனுக்கும் ஒரு மதிப்பீடு போட்டுக் கழிக்கிறார்கள். கோடையில் தண்ணீர் சூடாக இருக்கும்போது அப்படிச் சாவது அதிகம். அதனால்தான் ஜூலை மாதத்தில் மூடல்கள் வந்தன. 2005-இல் கண்டுபிடிக்கப்பட்ட வரிச்சிப்பிகள் ஏரித் தண்ணீரைத் தெளியவைத்து, மங்கல் வெளிச்சம் பிடித்த இந்த மீனுக்கு வாழ்க்கையை மாற்றிவிட்டன. உள்ளூர்க் கடைகளில் பழியை ஓஜிப்வே மக்கள் போடும் வலைமேல் மட்டும் போட்டுப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். எனக்கு அது பாதிக் கதையாகத்தான் படுகிறது.

ஆக, மில் லாக்ஸ் பழகுவதற்கு நல்ல ஏரி. சட்டி எடுத்துக்கொண்டு போகாதீர்கள்.

மிச்சம் லேக் ஆஃப் த வுட்ஸ். என் வோட்டு முதலிலிருந்தே இதற்குத்தான் என்பதால் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கலாம். பாடெட் என்ற ஊர்வரை ஐந்து மணி நேரம். ஊர் வாசலிலேயே நாற்பது அடி நீள சிமெண்ட் வால்ஐ வரவேற்கும், 1959-இல் வைத்தது. பதினாலாயிரத்துக்கு மேல் தீவுகள் உள்ள ஏரி. ஆனால் மினசோட்டாப் பக்கத்துப் பெரும்பகுதி தீவில்லாத வெட்டவெளி. ஜனவரியில் அது வெள்ளைப் பாலைவனம். எல்லைக்கு அந்தப்பக்கம் கனடா; அங்கே துளை போட்டால் உரிமமும் வேறு, எண்ணிக்கையும் வேறு.

இங்கே விதி இப்படி: வால்ஐ, சாகர் இரண்டும் சேர்த்து ஒருவருக்கு 6, அதில் வால்ஐ 4-க்கு மேல் போகக் கூடாது. 19.5 முதல் 28 அங்குலம் வரை உள்ள வால்ஐ அத்தனையையும் உடனே தண்ணீரில் விட வேண்டும். 28-க்கு மேல் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

சாகர் என்றால் ஏதோ பம்பாய் நடிகர் பெயர் மாதிரி இருக்கும். வால்ஐயின் தம்பி முறை மீன் அது. பார்க்க ஒரே ஜாடை, ருசியும் அதேதான், அளவுதான் சிறியது. வால்ஐக்கு வாலின் கீழ்நுனியில் வெள்ளை இருக்கும். சாகருக்கு அது இராது, முதுகுத் துடுப்பில் வரிசையாகப் புள்ளிகள் இருக்கும். இந்த வித்தியாசம் தெரியாவிட்டால் எண்ணிக்கை தப்பிவிடும். எங்கள் கூட்டத்துக்கு முதல் நாள் முழுக்க இதே பாடம்தான்.

நீளத் தடையின் நியாயமும் எளிதில் புரிவதுதான். அந்த அளவில் இருப்பவை பெரும்பாலும் முட்டையிடும் பெண் மீன்கள். நம்மூரில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளைக் கரையில் நிறுத்துகிறோமே, அதே எண்ணம்தான். நாம் நாட்களைத் தடுக்கிறோம். இவர்கள் அளவைத் தடுக்கிறார்கள். இது தெரிந்திருந்தும், கையில் பிடித்த மீன் பத்தொன்பதே முக்கால் அங்குலம் காட்டியபோது திருநெல்வேலிக்காரன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "கால் இன்ச்தானடா, வாலைக் கொஞ்சம் மடக்கிப் புடி" என்றான். வாயை மூடி, வாலை முழுதாக நீட்டி, கடைசி நுனிவரை அளக்க வேண்டும். மடக்கும் பேச்சுக்கே இடமில்லை. மீன் துளைக்குள் போய்விட்டது.

தங்கலுக்கு ஒரு விடுதிக்காரரிடம் பனிமேல் நிற்கும் படுக்கை வீடு எடுத்தோம். துளை போட்டு, அடுப்பு மூட்டி, தொடர்பட்டை வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். வாடகை கொஞ்சம் வலித்தது. புதியவர்களுக்கு அந்தக் காசு வீண் இல்லை. ஆளுக்கு இரண்டு தூண்டிலில் ஒன்றைக் கையில் வைத்து ஆட்டிக்கொண்டே இருப்பது; இன்னொன்றை இரை கோத்து அசையாமல் விட்டுவிடுவது. எங்களுக்கு அசையாத தூண்டில்தான் அதிகம் கொடுத்தது. எங்கள் ஆட்டத்தின் லட்சணம் அப்படி.

இனி, போவதற்கு முன்னால் எங்களுக்குள் எழுந்த கேள்விகள். ஒருவன் ஏழு பிடித்து இன்னொருவன் ஒன்றுமே பிடிக்காவிட்டால்? மினசோட்டாவில் ஒரு குழுவாகப் பிடிக்கலாம். கண்ணுக்குத் தெரிகிற, குரல் எட்டுகிற தூரத்தில் எல்லோரும் இருந்தால் போதும். போனில் கூப்பிட்டுக்கொள்வது கணக்கில் வராது. மொத்த மீன், குழுவினரின் மொத்த அளவைத் தாண்டக் கூடாது. ஒரே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த எங்களுக்கு இது பெரிய நிம்மதி. யார் பிடித்தது என்ற சண்டையே வரவில்லை. இல்லை, வந்தது; ஆனால் அது பெருமைக்கான சண்டை.

மதியம் அங்கேயே வறுத்துத் தின்றால் கணக்கில் வருமா? வரும். தின்றதும் அன்றைய எண்ணிக்கையில் சேர்த்திதான். ஆனால் மறுநாள் அது உங்கள் கைவசம் இல்லை. அந்த இடத்துக்கு இன்னொன்று பிடிக்கலாம். இரண்டு நாள் பயணத்தில் தின்பதுதான் லாபம் என்று இதைப் படித்ததும் மிளகாய்த்தூளைக் கூடுதலாக எடுத்து வைத்தோம். சமைக்கும் மீனைத் தவிர மற்றதை பனியின்மேல் வெட்டக் கூடாது. அதிகாரி வந்தால் அளந்து பார்க்கும்படி தலையும் வாலும் முழுதாக இருக்க வேண்டும். பிறகு துண்டு போட்டு வீட்டுக்கு எடுத்துப்போகும்போதும் ஒவ்வொரு துண்டிலும் ஒரு சதுர அங்குலத் தோலைச் செதிலோடு விட்டுவைக்க வேண்டும்.

பெரிய அதிர்ச்சி கடைசிக் கேள்வியில் இருந்தது. டெவில்ஸ் லேக் கட்சிக்காரன் ஒருவன் டிசம்பரில் வீட்டருகே பிடித்த மூன்று வால்ஐ துண்டுகளாக அவன் ஃப்ரீசரில் இருந்தன. மினசோட்டாவில் நாளுக்கு எத்தனையோ அத்தனைதான் கைவசமும். வீட்டு ஃப்ரீசரும் கைவசம்தான். மாநிலத்தின் மொத்த அளவு அப்போது 6 என்பதால் அவனுக்கு மிச்சம் 3. ஐந்து பேருக்கு முப்பது என்று போட்டிருந்த கணக்கு கிளம்பும் முன்பே இருபத்தேழு ஆனது. "அந்த மூணையும் வியாழக்கிழமையே தின்னு தொலைடா" என்று சொல்லியிருக்கலாம். எங்களுக்கு இது தெரியவந்தது பாதி வழியில்.

இருபத்தேழை நாங்கள் எட்டவும் இல்லை. இரண்டு நாளில் வைத்துக்கொண்டது பத்தொன்பது. அதில் பதினொன்று சாகர். ஆறை அங்கேயே வறுத்தோம். தடை அளவில் மாட்டித் திரும்பப் போனவை ஒன்பது. வீட்டுக்கு வந்த பதின்மூன்றில் ஆசைப்பட்டபடி குழம்பும் வைத்தான் நம் ஆள். முள் குறைந்த மென்மையான சதை. புளியில் இரண்டு கொதி வந்ததும் கரைந்து காணாமல் போய்விட்டது. இந்த மீனுக்கு வறுவல்தான்.

மூன்று ஏரிகளுக்கும் நாட்காட்டியும் வேறு. மில் லாக்ஸ் உட்பட மினசோட்டாவின் உள் ஏரிகளில் வால்ஐ பருவம் பிப்ரவரிக் கடைசி ஞாயிறோடு முடிகிறது. லேக் ஆஃப் த வுட்ஸில் ஏப்ரல் 14 வரை உண்டு. டெவில்ஸ் லேக்கில் வருடம் முழுக்கப் பிடிக்கலாம். ஆகவே மார்ச்சில் போக நினைப்பவர்களுக்கு மூன்றில் இரண்டுதான் மிச்சம். நீண்ட பகலும் குறைந்த குளிருமாக அந்த மாதம்தான் எங்களைப் போன்றவர்களுக்கு ஏற்றது என்று விடுதிக்காரர் நாங்கள் கிளம்பும்போது சொன்னார்.